அண்ணாச்சி காரில் சார்ஜ் நிற்கவில்லை

“நீயெல்லாம் ஒரு எலக்ட்ரீஷியனா வே? பேசாம ஐஸ் விக்கப் போ!”

காலங்காத்தாலேயே தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் நடராஜ் அண்ணாச்சி. தாவூதுக்கு முகம் சுண்டிப்போனது.

பாளையங்கோட்டையில் கார் ஒயரிங் என்றால் தாவூதுதான் என்று எடுத்த பேர். அண்ணாச்சியின் இந்த ஒரு பழைய அம்பாசிடரால் அது சந்தி சிரித்தது. டாக்சிக்காரர்கள்கூட வேறு கடைக்கு நழுவ ஆரம்பித்துவிட்டார்கள்.

சாயந்திரம் சும்மா ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிற வண்டி, விடிந்தால் செத்துக் கிடக்கும். என்ன எழவோ!

டைனமோவைப் பார்த்தான். நன்றாகவே சார்ஜ் ஏற்றியது. பேட்டரியிலும் குறையில்லை. ஒயரில் எங்கேயாவது கரண்ட் ஒழுகுதா என்று டெஸ்ட் பல்பு போட்டும் பார்த்தாயிற்று. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“என் வாசலை மறிச்சுக்கிட்டு நிக்குதே, ஸ்கூட்டரை எப்படி வெளிய எடுக்க?”

பக்கத்து வீட்டிலிருந்து வந்தார் கோமதிசங்கர். அண்ணாச்சியின் கூடப்பிறந்த தம்பி. கேட்டது அண்ணனிடம் அல்ல, தாவூதிடம். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்று முட்டிக்கொண்டதில், மூணு வருஷமாக ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பேசாவிட்டாலும் தள்ளித்தானே ஆகணும்? அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடிக்க, தாவூதும் தம்பியும் பின்னால் நின்று மூச்சு வாங்கத் தள்ளினார்கள்.

“ஏ அண்ணே! கிளட்சை இப்பவே விடாதீய! பைய... பைய!” தள்ளுகிற வேகத்தில் கத்தினார் தம்பி.

வண்டி உறுமிக்கொண்டு போனது.

மறுநாள் விடியுமுன் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு தாவூது அந்தத் தெருவுக்கு வந்து ஓரமாய் ஒளிந்துகொண்டான். எந்தப் பேய் சார்ஜைக் குடிக்குதுன்னு இன்னைக்குப் பாத்துருவோம்!

அண்ணாச்சி வீட்டுக் கதவு திறந்தது. சுற்றுமுற்றும் பார்த்தபடி ஓர் ஆள் வந்து கார் உறையைத் தூக்கினார். உள்ளே பார்க் லைட் மங்கலாய் எரிந்துகொண்டிருந்தது. அவசரமாய்க் கையை விட்டு அணைத்தார்.

சாட்சாத் நடராஜ் அண்ணாச்சி!

தாவூதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அட அல்லாவே! விடிய விடிய லைட்டைப் போட்டு வச்சது நீங்கதானா? ஊரெல்லாம் என் மானத்தை வாங்கிட்டீயளே அண்ணாச்சி!”

“கத்தாத வே, அவன் முழிச்சிருவான்.” அண்ணாச்சி தம்பி வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டார். “மூணு வருஷமா என்னை ஏறிட்டுப் பாக்காத பய, வண்டி தள்ளும்போது மட்டுந்தான் ‘அண்ணே’ங்கான். நீ இதைச் சரியாக்கிட்டேன்னா, அதுவும் போயிரும்லா?”

தாவூது தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு நேரே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

“சின்ன அண்ணாச்சி! இந்த வண்டி எனக்குப் பிடிபடவே மாட்டேங்கு. வந்து ஒரு கை தள்ளுங்க!”