இடுப்பு பத்திரம்

மரக்கன்று நடக் குழி தோண்டும் மெஷினை இடுப்பு நோகாமல் தூக்குவது எப்படி என்று ஊர் ஊராகப் பாடம் எடுக்கும் புகழேந்தி, விழுப்புரம் பிசியோதெரபி கிளினிக்கில் வில்லாக வளைந்து நின்றார்.

“நாளைக்குத் திண்டிவனத்துல கிளாஸ்மா. இப்படியே போனா என் மானம் போயிடும்.”

“எப்படி சார் புடிச்சிக்கிச்சி?” பிசியோதெரபிஸ்ட் பெனாசிருக்கு ஆர்வம் தாங்கவில்லை.

“அது டெக்னிக்கல். உனக்குப் புரியாது.”

“மெஷினைக் குனிஞ்சி தூக்கிட்டீங்களா?”

“யாரைப் பார்த்துக் கேக்கறே? நாளைக்கு நான் ஒட்டப்போற போஸ்டரைப் பாரு!” கக்கத்தில் சுருட்டி வைத்திருந்ததை நீட்டினார்.

பிரித்துப் பார்த்தாள். முட்டியை மடக்கித் தூக்குபவருக்கு டிக். முதுகை வளைத்துத் தூக்குபவருக்குச் சிவப்பில் பெருக்கல் குறி. இரண்டு ஹெல்மெட்டுக்குக் கீழேயும் ஒரே மீசை.

“சார், ரெண்டுமே நீங்களா?”

புகழேந்தியின் குரல் இறங்கியது. “டிக் படம் ஒரே தடவைல முடிஞ்சிடுச்சிம்மா. தப்பாத் தூக்குறதுதான் தத்ரூபமா வரலைன்னு, போட்டோக்காரன் நேத்து சாயந்திரம் வரைக்கும் தூக்க வுட்டுக்கினே இருந்தான். ஒரே பேஜாரு.”

பெனாசிர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போஸ்டரைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

“இதை ஒட்டாதீங்க சார். நாளைக்கு நீங்க இப்படியே போய் நின்னா போதும்.”