வாசலில் வைத்த வாளி

"என் சுவத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாது. மீறி அடிச்சீங்க, சுத்தியலைப் பிடுங்கிக் கிணத்துல போட்டுடுவேன்!"

ஹெட்விக் வாசலை மறித்து நின்றாள்.

மேயர் ரைன்ஹோல்ட் கையில் பித்தளைப் பலகையோடு விழித்தார். அதில் பொறித்திருந்தது: 'ஏப்ரல் 1945. வதைமுகாம் கைதிகள் இவ்வழியே நடத்திச் செல்லப்பட்டபோது, இந்த வீடு அவர்களுக்குத் தண்ணீர் தந்தது.'

"ஹெட்விக்கம்மா, ஐம்பதாவது வருஷ நினைவு நாள். அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் பிழைச்சேன்னு ஊரெல்லாம் சொன்னவரே போலந்துலேர்ந்து குடும்பத்தோட வர்றாரு. மானத்தை வாங்காதீங்க!"

"முடியாதுன்னா முடியாது."

கேக் தட்டோடு வந்த பக்கத்து வீட்டு எல்ஃப்ரீட முகத்தைச் சுளித்தாள். "நாஜிக் கட்சிக்காரன் பொண்ணுதானே? அப்பன் புத்தி எங்கே போகும்! எங்க தாத்தா அன்னிக்கு ரொட்டியே கொடுத்தாராம்."

இந்தத் தெருவில் எல்லார் தாத்தாவும் ரொட்டி கொடுத்தவர்கள்தான். அப்புறம் வழியெல்லாம் அத்தனை கல்லறை ஏன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கார் வந்து நின்றது. கைத்தடியோடு இறங்கினார் வின்சென்ட்டி. பின்னாலேயே மகளும் பேரப்பிள்ளைகளும்.

"இதே பச்சைக் கதவுதான். இங்கதான் வாளி இருந்துச்சு." முகாமில் கற்ற ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு, ஹெட்விக்கின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு உயிர் கொடுத்த வீடும்மா இது."

அவள் வெடுக்கென்று கைகளை இழுத்துக்கொண்டாள்.

"நன்றி மட்டும் சொல்லாதீங்கய்யா. உங்ககூடத் தனியாப் பேசணும். உள்ளே வாங்க."

எல்ஃப்ரீட பிள்ளைகளைக் கேக் சாப்பிடத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். மகளும் கூடப் போனாள். மேயர் மட்டும் பலகையை விடாமல் சமையலறைக்குள் வந்தார்.

"அந்த வாளியை வச்சது நான்தான்யா. அப்போ எனக்கு எட்டு வயசு." என்றாள் ஹெட்விக். "காவல்காரங்க நாய்ங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. அதுங்களுக்குத் தண்ணி வைன்னு அப்பா சொன்னாரு. வச்சேன். உங்கள்ல ஒருத்தருக்குக்கூட நாங்க ஒரு வாய் கொடுக்கலை. இந்தப் பொய்யைச் சுவத்துல மாட்டிக்கிட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

மேயர் பலகையை மெல்லக் கோட்டுக்குள் மறைத்தார்.

வின்சென்ட்டி அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்குத் தெரியும்மா."

"என்னது?"

"காவல்காரன் அந்தப் பக்கம் திரும்பினான். வாளிக்குள்ள முகத்தை விட்டேன். பக்கத்துலயே நாயோட முகம். அது கடிக்கலை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் குடிச்சோம்."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் எங்களைப் பத்தி அப்படிச் சொன்னீங்க? ஏன்யா?"

அவர் ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தார். எல்ஃப்ரீட ஏதோ சொல்ல, பேத்தி வாய் நிறையக் கேக்கோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பிள்ளைங்க மனுஷங்களை நம்பி வளரணுமே. அதுக்கு எங்களுக்கு இரங்கின ஒரு வீடாவது வேணும்ல? அன்னிக்கு நடந்து வந்த வழி முழுக்க நினைச்சுப் பார்த்தேன். ஒண்ணுகூட இல்லை. அதான் உங்க வீட்டை எடுத்துக்கிட்டேன்."