ராகு காலம், இந்திய நேரப்படி

கண்ணாடிக் கதவுக்கு நாலடி முன்னால் அவர் நின்றுவிட்டார்.

வியாழக்கிழமை. கைக்கடிகாரத்தில் இரண்டு இருபது. ராகு காலம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

விமானம் தரையிறங்கியது விமானியின் பாடு. பத்து நிமிடம் முன்னதாகவே இறக்கிவிட்டு, அதைப் பெருமையாக வேறு அறிவித்தார். சிங்கப்பூருக்குள் முதல் அடி எடுத்து வைப்பது இவர் பாடு.

பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் மகள்.

சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவள். ஆறு வருடம் ஆகிறது. வருடா வருடம் அம்மா மூலமாகக் கூப்பிட்டுவிடுவாள். திருச்சியிலிருந்து நாலு மணி நேரம்தான், பஸ்ஸில் மதுரைக்குப் போய்த் திரும்புகிற நேரம்கூட ஆகாது என்று சொல்லிப் பார்த்தாள்.

அவருக்கு ஒரு வருடம் சந்திராஷ்டமம். ஒரு வருடம் மூட்டுவலி. ஒரு வருடம் முழுக்க ஆடி மாதமாகவே இருந்தது.

இங்கே சுவர்க் கடிகாரங்களில் எல்லாம் நாலு ஐம்பது. இந்த ஊர் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறதாம். அவர் தன்னுடையதை மாற்றவில்லை. ஊர் மாறினால் ராகுவும் மாறிவிடுமா என்ன.

மனைவி பெட்டி வண்டியைத் திருப்பினாள்.

"நீங்க வாட்ச்ச பாத்துக்கிட்டு நில்லுங்க. நான் பேத்தியப் பாக்கப் போறேன்."

கதவு அவளுக்குத் திறந்து, இவருக்கு மூடிக்கொண்டது.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள். தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

அவர் தலையாட்டினார்.

மூன்று விரலைக் காட்டினாள். மூன்று மணி வரைக்குமா?

மறுபடியும் தலையாட்டினார்.

அந்த வீட்டில் வளர்ந்தவள். அங்கிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அது அவரைச் சுட்டது. திட்டியிருந்தால் நின்றிருப்பார்.

ராகுவிடம் அவருக்கு அவ்வளவு பயம் கிடையாது. முதல் வார்த்தையாக என்ன பேசுவது என்பதுதான் பயம். நாலு மணி நேரம் ஆகாயத்தில் யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பேத்திக்கு நாலு வயது. அவளுக்குக் கிழமை தெரியாது. ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். மூக்கு சப்பையாகிவிட்டது. அப்படியும் அது அவருடைய மூக்குதான்.

அவர் கடிகாரத்தின் திருகை இழுத்துச் சுற்றினார்.

முள் மூன்றைத் தாண்டியது. நாலைத் தாண்டியது. நாலு ஐம்பத்தைந்தில் நிறுத்தினார்.

ராகு காலம் எப்போதோ முடிந்திருந்தது.

கதவு திறந்தது. மகள் எழுந்து நின்றாள்.

"ஃப்ளைட்டு கொஞ்சம் லேட்டாயிருச்சும்மா."

"ஆமாப்பா" என்று அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.