உட்கார ஓர் இடம்

"எந்திரிங்க சார், அது பார்பர் அண்ணன் இடம்."

பேக்கரிக்காரர் சொன்னதும் ஐஸ் ஃபேக்டரி மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறியது. அப்போதுதான் பன்னில் ஒரு கடி கடித்திருந்தார். மற்ற நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தன, பார்பரோ இன்னும் தெருமுனையில்கூடத் தென்படவில்லை.

இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். ஊரில் அவருக்குப் பிடித்துப்போனது மூன்றே இடங்கள்: பேக்கரியின் ஜன்னலோர நாற்காலி, படகுத்துறையின் கடைசி பெஞ்சு, கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருந்த தட்டைப் பாறை. மூன்றுக்கும் யாரோ முன்பே பட்டா போட்டு வைத்திருந்தார்கள்.

நாற்காலி பார்பருக்கு. பெஞ்சு, ஓய்வுபெற்ற படகு டிரைவருக்கு. அந்தப் பெரியவர் வந்து தொண்டையைச் செருமினால் எழுந்துவிட வேண்டும். பாறை, வலை பின்னும் அம்மாவுக்கு. அந்தம்மா பேசக்கூட மாட்டாள், வலை ஊசியை நீட்டி வழியைக் காட்டுவாள்.

மனைவியும் மகளும் அக்கரையில் இருந்தார்கள். மகளின் பரீட்சை முடிந்ததும் அவர்கள் இங்கே வருவதா, இவர் வேலையை உதறிவிட்டு அங்கே போவதா என்று போனில் தினமும் இழுபறி. மனுஷனை உட்காரவே விடாத ஊருக்குக் குடும்பத்தை எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ஆஸ்பத்திரியிலும் எரிச்சல்தான் மிச்சம். ஐஸ் அறைக்குள் போய்ப் போய் வந்த இருமல் விடமாட்டேன் என்கிறதே என்று போன வாரம் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தார். எக்ஸ்ரேக்காரன் இவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பார்பருக்கு மூலம் வந்த கதையை விலாவாரியாகச் சொன்னான். படம் அக்கரைப் பெரிய டாக்டருக்குப் போகும், அவரே கூப்பிடுவார் என்று சொல்லி அனுப்பினான். அவனுக்கு இருப்பது வாயா, ஒலிபெருக்கியா என்று மனைவியிடம் அன்று பொரிந்து தள்ளினார்.

இன்று பொறுமை போயே போய்விட்டது. பன்னைத் தட்டில் விட்டெறிந்தார்.

"நாற்காலியில பேரு எழுதியிருக்கா? உட்கார ஒரு இடம் தராத ஊரு ஒரு ஊரா? செத்தாத்தான்யா இங்க இடம் குடுப்பீங்க."

கத்திய வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. டீயைத் தொடாமலே வெளியேறினார். அடுத்த சில நாட்கள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

டீ ஆசை விடாமல் மறுபடி போனபோது, ஜன்னலோரத்தில் பார்பர் இருந்தார். இவரைக் கண்டதும் எழுந்தார். தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, சொந்த வீட்டில் விருந்தாளியை உட்காரவைப்பதுபோல் உட்காரவைத்தார்.

படகுத்துறைக்குப் போனால், டிரைவர் பெரியவர் தொண்டையைச் செருமவில்லை. காலை நீட்டிக்கொள்ளச் சொல்லி, பெஞ்சு முழுவதையும் இவருக்கு விட்டுவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டார்.

"ஒரே ஒரு சத்தம் போட்டேன், ஊரே பொட்டிப்பாம்பா அடங்கிடுச்சு. பரீட்சை முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் கிளம்பி வாங்க."

மிச்சம் இருந்தது பாறை ஒன்றுதான். அதையும் பார்த்துவிடுவோம் என்று சாயங்காலம் போனார். வலை பின்னும் அம்மா இவரைப் பார்த்ததும் வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பாறை சில்லென்றிருக்கும் என்று, தான் உட்கார்ந்திருந்த சாக்கை நாலாக மடித்து இவருக்குப் போட்டாள்.

ஜம்மென்று உட்கார்ந்தார். ஜெயித்தாகிவிட்டது, ஆனால் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

"இத்தனை நாளா நாயை விரட்டுற மாதிரி விரட்டிட்டு, இப்ப என்ன திடீர் மரியாதை? திட்டினாத்தான் உங்க ஊருக்குப் புத்தி வருமா?"

சும்மாவே முறைக்கும் அந்தம்மா இன்று முறைக்கவில்லை. ஊசியை வலையில் செருகினாள். இவர் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர் இன்னும் உங்களைக் கூப்பிடலையா, தம்பி?"