மைக்கில் வந்த வசவு

ரிம்மா டீச்சர் மஞ்சள் துணிப்பையை மேசை மேல் பொத்தென்று வைத்து, உள்ளேயிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை உருவினார். மொத்தம் முந்நூற்று நாற்பது கையெழுத்து. மார்ச் மாதப் பனி உருகிய சேறும் எண்ணெயுமாக பூட்ஸிலிருந்து வடிந்து யார்டு ஆபீஸ் தரை பாழாவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"பொது இடத்துல கெட்ட வார்த்தை பேசினா தண்டனைன்னு வெள்ளிக்கிழமை நகர மன்றத்துல தீர்மானம் வருது, லுக்கிச். அதுக்கு முன்னாடி உங்க யார்டு மைக்குக்கு ஒரு முடிவு கட்டுங்க!"

யார்டு அதிகாரி லுக்கிச் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். சரக்கு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் அந்த யார்டு எங்கள் ஊருக்கு நட்டநடுவில் இருக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் தும்மினால்கூட மார்க்கெட் வரை கேட்கும். ரயில்வேக்காரர்கள் வாய் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"செவ்வாய்க்கிழமை காலையில பேசினது யாரு? அதை மட்டும் சொல்லுங்க. மார்க்கெட்டுக்குப் போயிட்டிருந்தேன். அம்மா, ஆத்தான்னு ஒண்ணு பாக்கி இல்ல. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடினேன். நாப்பது வருஷம் இந்த ஊருக்கு ருஷ்ய மொழி சொல்லிக் கொடுத்தவளை இந்த வயசுல ஓட வச்சுட்டாங்களே!"

சுவரோரம் நின்றிருந்த பெண் தலையைத் தூக்கவே இல்லை. "நான்தான் பேசினேன், டீச்சர்."

ரிம்மா டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோயா! அவரிடமே படித்தவள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து மணிமணியாகக் கவிதை ஒப்பிப்பாள்.

"நீயா? அந்த வாயிலயா இந்தப் பேச்சு?"

"வெக்கமா இருக்கு, டீச்சர். அன்னையிலேர்ந்து என் பொண்ணை ஸ்கூல்ல கொண்டு விடக்கூட நான் போகல." சோயாவுக்குக் கழுத்து வரை சிவந்திருந்தது.

லுக்கிச் வேலைநீக்கத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவருக்கும் மனசில்லை. ஒண்டியாகப் பிள்ளையை வளர்க்கிறவள். கட்டுப்பாட்டு அறை வேலைக்கு வந்த பதினோரு வருஷத்தில் அவள் கையில் ஒரு பெட்டிகூடத் தடம் புரண்டதில்லை.

"மேலிடம் வரைக்கும் புகார் போயிடுச்சும்மா. உன் பக்கம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லு."

"ஒண்ணுமில்ல." சோயா பேனாவை எடுத்தாள்.

"இரு. மைக்ல பேசறதெல்லாம் பதிவாகுது. ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடு."

"வேண்டாம், லுக்கிச்! அதைப் போடாதீங்க!"

"ஏன் வேண்டாம்? போடுங்க." ரிம்மா டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவ பேசின அழகை அவளே கேக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. முதலில் கரகரவென்றது. பிறகு சோயாவின் குரல் அடக்கமாக வந்தது.

"ஏழாவது லைன்ல நடக்கறவங்க, தயவுசெஞ்சு விலகுங்க."

கொஞ்சம் இடைவெளி. "ஏழாவது லைன்... உங்களைத்தாங்க. தயவுசெஞ்சு விலகுங்க."

மூன்றாம் தடவை அந்தக் குரல் நடுங்கியது. "தயவுசெஞ்சு! பெட்டி உருண்டு வருதுங்க!"

அப்புறம் வந்ததை அச்சில் ஏற்ற முடியாது. கேட்டிருந்தால் எனக்கே காது கூசியிருக்கும். வசவு முடிந்த கையோடு பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் ஆபீஸை அதிர வைத்தது. அதற்குப் பிறகு கரகரப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

லுக்கிச்சுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அடிப்பாவி, இதை ஏன் சொல்லல? எஞ்சின் இல்லாம மேட்டுலேர்ந்து உருண்டு வர்ற பெட்டி. பக்கத்துல வர்ற வரைக்கும் சத்தமே கேக்காது. அந்த ஆள் வந்து, இவளாலதான் பிழைச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வேலையை யாரு தொட முடியும்? யாரு அது?"

"சொல்ல மாட்டேன். நான் பட்ட வெக்கம் போதும். அவங்களும் படணுமா?"

"பாலம் சுத்திப் போனா முக்கால் மணி நேரம்னு பாதி ஊரு தண்டவாளத்துக்குக் குறுக்கதான் நடக்குது. நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்?" லுக்கிச் தலையில் அடித்துக்கொண்டார்.

ரிம்மா டீச்சரின் ஆத்திரம் திசை மாறியது. இந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு எவரோ வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்களே!

"மூணு தடவை கெஞ்சியிருக்கா. காதுலயே வாங்காத அந்தச் செவிட்டு மூதேவி யாரு?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வசவு, அதுவும் மாணவியின் எதிரில். உடம்பே குறுகிப் போயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருன்னு சொல்லும்மா. நானே கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்."

பதிவு இன்னும் ஓடுவது திடீரென்று நினைவுக்கு வர, சோயா அதை நிறுத்தப் பாய்ந்தாள். கை எட்டுவதற்குள் செவ்வாய்க்கிழமைக் காலையின் கரகரப்பிலிருந்து அவளுடைய குரல், அழுகையும் சிரிப்புமாக, வெளியே வந்துவிட்டது.

"அப்பாடா... மஞ்சள் பை ஓடிடுச்சு!"