ஹாலில் ஒரு சரிவு

மூன்று வருஷமாகச் சதாசிவம் வீட்டில் இதே பேச்சுதான். வடக்கே மலையில் சின்னதாக ஒரு பனிச்சறுக்கு விடுதி, பிள்ளைகுட்டியோடு வருகிறவர்களுக்கென்றே கட்டியதாம். அங்கே போக மனைவி மங்களேஸ்வரி தேதி கேட்பாள். "ஆடிட் முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவர் தூங்கிப்போவார். ஆடிட் என்றைக்கு முடிந்திருக்கிறது?

"இந்தத் தடவை நீங்க இல்லாமலே போயிடுவோம், பாத்துக்குங்க" என்றாள்.

"சரி, முதல்ல குளிருக்குப் பழகுங்க" என்றார், பேச்சை முடிப்பதற்காக.

பழகினார்கள். அவளும் பிள்ளைகள் இரண்டும் ஏசியில் டிகிரியைத் தினம் கொஞ்சம் குறைத்தார்கள். முதல் வாரம் தயிர் தோயவில்லை. மறுவாரம் ஜன்னல் கம்பியில் வெள்ளையாகப் பனி படிந்தது. சதாசிவம் தலையணையில் விழுந்திருந்த பனியைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் கால் கடுக்க வந்து கதவைத் திறந்தால், ஹால் முழுக்கப் பனி. சோபா இருந்த இடத்திலிருந்து ஒரு சரிவு கண்ணுக்கெட்டாத தூரம் இறங்குகிறது. அதில் மூன்று பேர் சறுக்கிப் போன தடம்.

"மங்களம்?"

"வந்துட்டீங்களா?" வெகு கீழேயிருந்து அவள் குரல். "உங்களுக்குப் பெரிய தாம்பாளத்தை எடுத்து வச்சிருக்கேன். உட்கார்ந்தா போதும், அதுவா வந்துடும்."

"திரும்ப எப்படி ஏறுறது?"

பிள்ளைகளின் சிரிப்பு மட்டும் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. ஆபீஸ் பையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு, கூட்டமான பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவரைப் போல, தாம்பாளத்தில் மெல்ல உட்கார்ந்தார்.