ரௌஷானின் காலித் தட்டு

என் மனைவி ரௌஷானின் பிறந்தநாளுக்கு மகன் தல்கத் எங்களை அல்மாட்டி நகரத்திலேயே விலை கூடிய உணவகத்துக்கு அழைத்துப் போனான். ஒருவாய் உணவோடு இரண்டு தட்டுகள் வந்து போன பின், மூன்றாவதாக உள்ளங்கை அகலத் தட்டில், எங்கள் கஜக விருந்துகளில் மலையாகக் குவிக்கும் குதிரைக்கறி ஒரே ஒரு துண்டு வந்தது.

“மிச்சக் குதிரை எங்கடா?” என்றேன்.

“இங்க எல்லாருக்கும் இதே அளவுதான்ப்பா.”

“என்னை மாதிரி மூட்டை தூக்குறவனுக்கு இது பல்லிடுக்குக்கே பத்தாதே!”

ரௌஷான் சிரித்தாள். “நான் மூணு தட்டும் முடிச்சிட்டேன், பாருங்க!”

“வீட்டுல நான் அள்ளி வெச்சா என் தட்டுலயே தள்ளி விடுறே. இங்க மட்டும் பசிக்குதாக்கும்!”

எரிச்சலோடு மகனை வாசலுக்கு இழுத்துப் போனேன்.

“சொந்தத்தைக் கூட்டி வீட்டுலயே விருந்து வெச்சிருக்கலாம்ல? அம்மா பொறந்தநாள்ல கஞ்சத்தனமா?”

தல்கத் குரலைத் தாழ்த்தினான். “அம்மாவுக்கு வயித்துல புத்துநோய்ப்பா. மூணு வாய்க்கு மேல இறங்காது. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. வீட்டு விருந்துன்னா ஆளாளுக்கு அம்மா தட்டுல கறியைக் குவிப்பாங்க. ஒரு நாளாவது எல்லாரையும் போல சாப்பிட்டு முடிக்கட்டும்னுதான்...”

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். பரிமாறுபவரிடம் ரௌஷான் தன் காலித் தட்டைப் பெருமையாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்கும் வயிறு நெறைஞ்சு போச்சு, ரௌஷான்” என்றேன்.